சாவி என்னிடம் இருந்தது

என் அன்பிற்குரிய அண்ணே,

1. இதை எழுதுபவன் உங்கள் உடன்பிறந்த தம்பி அழகப்பன். வல்லத்திராக்கோட்டையில் பிறந்து, புதுக்கோட்டையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி வருபவன்.

2. பிள்ளை இல்லாத உங்களுக்குக் கொள்ளி வைத்தவனும், கருமாதியன்று உங்கள் காரின் சாவியைச் சபை நடுவே வாங்கிக்கொண்டவனும் நானே.

3. கீழே எழுதியிருப்பவற்றில் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

4. உங்கள் முதலாண்டு நினைவு நாளில் உறவினர்களுக்குக் கொடுக்க ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி நம் மூத்த சிவகாமி அக்கா கேட்டார். கேட்டபோது இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை.

'அன்பிற்குரிய' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். நான் திருச்சியில் சட்டம் படித்த காலத்தில், ஜல்லி ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விடுதி வாசலில் லாரியை நிறுத்தி, விடாமல் ஹாரன் அடிப்பீர்கள். ஜன்னல்தோறும் தலைகள் முளைக்கும். "எங்க வக்கீலு எங்கப்பா? கீழ எறக்கி விடுங்க அவன, சோறு கொண்டாந்திருக்கேன்" என்று கத்துவீர்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகும். அந்தச் சோற்றின் ருசி இன்னும் போகவில்லை. மேற்கொண்டு எழுதப்போவது இவ்வளவு கசப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு லாரிகள் பெருகின. ஒவ்வொரு வண்டியிலும் ஜிபிஎஸ் பெட்டி வைத்தீர்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது உங்கள் கைபேசியில் புள்ளியாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தாலும் இலைக்குப் பக்கத்தில் அந்தப் போன் இருக்கும். திடீரென்று எடுத்து ஒரு டிரைவரைக் கூப்பிடுவீர்கள்: "ஏன்டா, திருமயம் டீக்கடையில எதுக்குடா நிக்கிற? டிபன் இன்னும் எறங்கலையா?" மறுமுனையில் அவன் பதறுவது எங்களுக்கும் கேட்கும். "எண்ணே, மரத்து மேல ஏறி உக்காந்திருக்கீங்களா?" நாங்கள் எல்லோரும் சிரிப்போம். உங்கள் மனைவியான மதினியும் சிரிப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணே. மறுபடி இதற்கு வருவேன்.

அன்று காலை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மதினியும் எதிர்வீட்டுக்காரரும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். லாரிகள் எல்லாம் குவாரிக்குப் போயிருந்தன. மதினி உங்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அந்தப் பழைய வெள்ளைக் காரில் ஏற்றினார். சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரரும் அவருமாகத் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் மணலில் புதைந்ததே தவிர வண்டி நகரவில்லை. யாரோ ஓடிப்போய் ஒரு லோடு ஆட்டோவை அழைத்து வந்தார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நீங்கள் இல்லை.

கார் உடனே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவருக்கே தெரியாததை நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் நம் சொந்தபந்தம் துணிந்தது.

பந்தலில் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "காரு லைட்ட அணைக்காம எந்தம்பி உசுர அணைச்சுட்டாளே!" மதினி உங்கள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அழ வந்தவர்கள் அந்த வரியை எடுத்துக்கொண்டு போனார்கள். கருமாதிக்குள் அது அன்னவாசல் வரை போய், படுக்கையில் கிடக்கும் மதினியின் தாயார் காதிலும் விழுந்துவிட்டது.

அக்கா அதை எங்கிருந்து எடுத்தார்? உங்கள் வாயிலிருந்துதான்.

மதினி கார் ஓட்டக் கற்றதே அந்தத் தாயைப் பார்த்து வருவதற்காக. வாரத்தில் ஒருநாள் அன்னவாசல் போய்த் திரும்புவார். நீங்களோ லாரிக் கேபினை விட்டு இறங்க மாட்டீர்கள். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகையில் சும்மா நிற்கும். அவர் தாய்வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பல தடவை அது கிளம்பாது. அப்போதெல்லாம் நீங்கள் சொல்வது ஒன்றுதான். "ஒனக்கெல்லாம் எதுக்கு காரு? எறங்குனா லைட்ட அணைக்கத் தெரியல, கதவச் சாத்தத் தெரியல." விருந்தாளி இருந்தாலும் சொல்வீர்கள். முதலில் மதினி, "அணைச்சிட்டுத்தாங்க வந்தேன்" என்பார். பிறகு "அணைச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். கடைசியில் "மறந்துருப்பேன்" என்று தானே ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். நான் வாசித்த ஒப்புதல் வாக்குமூலங்களில் பல இப்படி உருவானவைதான்.

கருமாதியன்று தலைப்பாகை கட்டி முடிந்ததும் பேச்சு எழுந்தது. நம் வீட்டு வழக்கப்படி வருஷம் திரும்பும் வரை மதினி வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். அக்கா ஒரு படி மேலே போனார். "சாவிய இனி அவகிட்டக் குடுக்காதீங்க. ஒரு உசுரு போனது போதும். வக்கீலு வச்சுக்கட்டும்." சபை தலையாட்டியது. மதினி முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

பேட்டரி பழசாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன். காரின் மின்வேலை பார்க்கும் யாசின் பாயை வரவழைத்துப் புதியது போட்டேன். ஒரே திருகில் கிளம்பியது. ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். முன் விளக்கு, பின் விளக்கு, உள் விளக்கு எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்த்தேன். கதவுகளைப் பூட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். சாவியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் என் அலுவலக இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டாம் மாசத் திதிக்கு வந்தேன். அதுவரை கார் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஐயரை அழைத்துவரக் காரை எடுக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். சாவியைத் திருகினேன்.

'டிக்.'

இறங்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அண்ணே. அதே குற்றம் மறுபடியும் நடந்திருக்கிறது. குற்றவாளி என்று ஊர் தீர்ப்பளித்தவர் இத்தனை நாளும் வாசல் தாண்டவில்லை. சாவி என்னிடம் இருந்தது. அவரை எந்த வழக்கத்தின் பேரால் அடைத்து வைத்தோமோ, அந்த வழக்கமே அவர் பக்கம் சாட்சியாக வந்து நின்றது.

திதி முடிந்த கையோடு யாசின் பாயை வரச்சொன்னேன். அவர் வண்டியை விட்டு இறங்கும்போதே தற்காப்பில் இறங்கிவிட்டார்.

"வக்கீல் சார், பேட்டரி புதுசு. கடைக்காரர ஏசாதீங்க, என்னையும் ஏசாதீங்க."

"யாரையும் ஏசல பாய். வண்டி சும்மா நிக்கையில கரண்டு எங்கிட்டோ போகுது. எங்கிட்டுன்னு பாக்கணும்."

"டைனமோ சார்ஜ் ஏத்தாம இருந்திருக்கும் சார்."

"ஓடாத வண்டிக்கு டைனமோ எப்படி ஏத்தும்? நெறஞ்சிருந்த பேட்டரி எப்படிக் காலியாச்சு, அதச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "கோர்ட்டுலயும் இப்படித்தான் கேப்பீங்களா? சாட்சி பாவம் சார்."

சார்ஜ் உள்ள வேறொரு பேட்டரியை வைத்து, அதற்கும் காரின் கம்பிக்கும் நடுவே மீட்டரை மாட்டினார். சாவி என் பையில். கதவுகள் சாத்தியிருந்தன. எல்லாம் அணைந்திருந்தது. மீட்டரில் எண் சுழியத்துக்கு இறங்க மறுத்தது. ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். முதலில் உள் விளக்கு. அக்கா காப்பித் தம்ளரோடு வந்து கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார்.

"இதுக்குப் போயி என்னடா ஆராய்ச்சி? லைட்டுதான். அவனே எத்தன வாட்டி சொல்லிருக்கான்."

பாய் உள் விளக்கின் மூடியைக் கழற்றினார். பல்பு கறுத்துக் கிடந்தது. "இது எரிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். அது எப்போது கெட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அக்காவின் கையில் தம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எண் அசையவில்லை. டைனமோ கம்பியைக் கழற்றினார். அசையவில்லை. பாய் தலையைச் சொறிந்தார். "எல்லா வாசலையும் அடைச்சாச்சு சார். இன்னும் போகுதுன்னா, எவனோ சுவர ஓட்டபோட்டு இழுத்திருக்கான்." பேட்டரி முனையிலேயே குனிந்து தேடினோம். தடித்த கம்பிக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய ஒயர் ஒன்று தனியே கிளம்பி, காருக்குள் நுழைந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனார். டாஷ்போர்டின் பின்புறம், கை எட்டாத இடத்தில், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அதில் ஒரு சிறு விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அவர் ஒயரைப் பிடுங்கினார். மீட்டர் சுழியத்துக்கு இறங்கியது.

அணைக்காத லைட்டு அதுதான், அண்ணே.

அது என்ன என்று மூவருக்குமே தெரியும். உங்கள் லாரிகள் ஒவ்வொன்றிலும் இருப்பது. லாரி தினமும் ஓடுகிறது, பேட்டரியும் பெரியது. இந்தச் சின்னப் பெட்டி குடிப்பது அங்கே தெரியாது. வாரத்தில் ஒருநாள் ஓடும் காரில், அதுவும் பேட்டரி பழசாக இருந்தால், அது போதும். மாதக்கணக்கில் நின்றால் புதியதும் தாங்காது. இப்படி விளக்கியவன் நான். அக்கா கேட்டது வேறு.

"லாரிக்கு வைக்கிறதுதானே? இதுல எதுக்கு வச்சான்?"

பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சார், அண்ணே இருந்தப்ப ஒரு தடவ பேட்டரி மாத்துனேன். அப்பவே இந்த ஒயரப் பாத்தேன். இது என்னண்ணேன்னு கேட்டேன். 'அதத் தொடாத, பேட்டரிய மட்டும் மாத்து'ன்னாரு. பாட்டுப் பொட்டிக்குன்னு நெனச்சு விட்டுட்டேன்."

ஆக, அது இருப்பது உங்களுக்குத் தெரியும். பேட்டரி அதனால்தான் இறங்குகிறது என்றும் தெரியுமா? தெரிந்துகொண்டே "லைட்ட அணைக்கத் தெரியல" என்று சொன்னீர்களா? இதற்கு என்னிடம் சான்று இல்லை. எல்லா வண்டிக்கும் மாட்டிய கை, பழக்கத்தில் இதற்கும் மாட்டியிருக்கலாம். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்பது நான் படித்த பாடம். அதை உங்களுக்குத் தருகிறேன். தரும்போது மனம் எரிகிறது. ஏனென்றால் அதே சலுகையை ஒருநாள்கூட நீங்கள் மதினிக்குத் தரவில்லை.

அவரிடம் சொல்வதா வேண்டாமா? லைட்டு காரணமில்லை என்று சொன்னால், எது காரணம் என்றும் சொல்ல வேண்டும். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தலாம். வண்டியில் ஏதோ பழுது என்று முடிக்கலாம். அதைத்தான் அக்கா சொன்னார். "செத்தவன் மானத்த வாங்காதடா. ஒயரு கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு." கட்சிக்காரரிடம் அப்படிச் சொல்லும் வக்கீலை நான் மதிப்பதில்லை. அடுப்படிக்குப் போனேன். பெட்டியை மதினி முன்னால் வைத்தேன். எங்கே இருந்தது, என்ன செய்யும் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"அப்ப லைட்டு இல்லையா தம்பி?"

"இல்ல மதினி. லைட்டு இல்ல."

"நான் அணைச்சேன். அன்னைக்கும் அணைச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே குழம்பிப்போச்சு." பிறகு குரல் மாறியது. "அன்னவாசல்ல சந்தக்கிட்ட காய் வாங்க நிப்பேன். நின்ன ஒடனே போன் வரும். 'அங்க எதுக்கு நிக்கிற?' எப்படித் தெரியுதுன்னு தவிச்சுப்போவேன். கோமதி கடை அந்தப் பக்கத்துலதான் இருக்கு, கூடப் படிச்சவ. அவதான் சொல்லிக்குடுக்குறான்னு நெனச்சு, அவ கடை வாசல்லயே வச்சுக் கேட்டுட்டேன், 'எம் புருஷனுக்கு உளவு வேல பாக்குறியா'ன்னு. அதோட பேச்சு விட்டுப்போச்சு."

லாரி டிரைவரைக் கேட்ட அதே கேள்வி, அண்ணே. அவன் மரத்து மேலே என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். மதினிக்குச் சிரிக்க இடமில்லை. இருந்த ஒரே தோழியையும் அவர் தன் கையாலேயே வெட்டிக்கொண்டார்.

உங்கள் கைபேசியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். அதில் எல்லாம் பதிவாகியிருக்கும். "வேணாம் தம்பி. எத்தன வாட்டி பாத்தாருன்னு தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறேன்? சாவிய மட்டும் குடுங்க."

கொடுத்தேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வருஷம் திரும்பல. ஊரு என்ன சொல்லும்? நான் ஏதோ அழுகையில சொன்னத மனசுல வச்சுக்கிட்டு…"

"நீங்க அழுகையில சொன்னத ஊரே மனப்பாடம் பண்ணிருச்சு, அண்ணி" என்றார் மதினி. "இதுக்கு மேல புதுசா என்ன சொல்லிரப் போவுது? வழிய விடுங்க. எங்கம்மாவுக்குச் சோறு ஊட்டணும்."

அக்கா விலகி நின்றார்.

இப்போதைய செய்திகளைச் சொல்கிறேன். அந்தக் கார் அதன்பின் ஒருமுறையும் நின்றுபோகவில்லை. முதல் திருகிலேயே கிளம்புகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மதினியின் முகம் கோணுவதைப் பார்த்திருக்கிறேன். லாரிகளை அவரே கவனிக்கிறார். டிரைவர்களைக் கூட்டி, எந்த வண்டியில் எங்கே பெட்டி இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். "தெரிஞ்சு இருக்கட்டும். தெரியாம இருக்கக் கூடாது" என்றார். மதினியின் தாயாருக்கு இப்போது நினைவு தவறிவிட்டது. மகள் குற்றமற்றவள் என்று காதருகே சொன்னோம். விளங்கியதா என்று தெரியவில்லை. முன்பு கேட்டது மட்டும் விளங்கியிருந்தது.

கோமதியின் கடைக்கும் மதினி போனார். கோமதி உள்ளே கூப்பிடவில்லை. கல்லாவை விட்டு எழவும் இல்லை. "என்ன வேணும்?" என்று வாடிக்கையாளரைக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார். மதினி ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். "மன்னிச்சுக்கன்னு சொல்ல வாய் வரல தம்பி. எதுக்குத் தப்பா நெனச்சேன்னு சொல்லணும்ல? அவரச் சொல்லாம அத எப்படிச் சொல்றது?"

அன்றுதான் இந்த அஞ்சலியை எப்படி எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுதி முடித்ததும் மதினியிடம் வாசித்துக் காட்டி, அனுமதி கேட்டேன். "ஊரு முன்னாடி சொன்னாங்க. ஊரு முன்னாடியே இருக்கட்டும்" என்றார். அச்சானதும் முதல் பிரதியைக் கோமதியின் கடைக்கு நானே கொண்டுபோகிறேன்.

அக்காவுக்கும் வாசித்தேன். பந்தலில் அவர் அழுத வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அதை நீக்கிவிடச் சொல்லப் போகிறார் என்று பேனாவின் மூடியைத் திறந்தேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத எடுத்துராத. எடுத்தா நான் சொல்லவே இல்லன்னு ஆயிரும்" என்றார்.

அண்ணே, உங்களுக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றையும் குறைக்க மாட்டேன். ஆண்டுதோறும் எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். உங்களுக்குப் பிடித்த அதிரசத்தை இலையில் வைப்பேன். ஆனால் அந்தச் சபையில் யாராவது ஒருவர் மதினியைச் சுட்டி 'லைட்டு' என்று வாயெடுத்தால், பிண்டத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து நின்று, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிப்பேன். நீங்கள் பசியோடு காத்திருக்க நேர்ந்தாலும் சரி. இது வாக்கு.

இப்படிக்கு,
விடுதி வாசலில் உங்கள் கையால் சோறு வாங்கித் தின்ற தம்பி,
(ஒப்பம்) அழகப்பன்

வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பமிட்ட சாட்சிகள்:
1. சிவகாமி, உங்கள் அக்கா
2. யாசின், கார் எலக்ட்ரீசியன், புதுக்கோட்டை